பத்து நிமிடக் காத்திருப்பு

வெள்ளைப் பொடி காய்ந்துவிட்டது. இனிப் பத்து நிமிடம்.

ஜெபக்குமார் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, மேசை மேல் கிடந்த இரும்பு ஆர்மின் மீது குனிந்தான்.

வேனின் பின்சக்கரத்தை அடிச்சட்டத்தோடு பிடித்து நிறுத்தப்போகிற இரும்புக் கை அது. கடையில் கிடைக்காது. வேனின் தரையை வெட்டி ஒரு சாண் கீழே இறக்கியதில் பழையது பொருந்தாமல் போயிற்று. சக்கர நாற்காலி பின்பக்கமாக உருண்டு ஏறி ஸ்டியரிங் வரைக்கும் போக வேண்டுமென்றால், தரை இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் குழாய் வெட்டி, தகடு மடித்து, சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் தங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் போட்டிருந்த ஷீட் கொட்டகையிலேயே செய்தார்கள்.

வெல்டிங் வைத்தது ஆபிரகாம். ஜெபக்குமாரின் மனைவி ரெஜினாவின் தம்பி, அவனுக்கு மச்சான். அந்தச் சக்கர நாற்காலி அவனுடையதுதான்.

“இன்னா மாமா, வருதா?”

“இப்பதான ஒரு நிமிஷம் ஆச்சு.”

“பத்தாவது ரிசல்ட்டுக்குக் கூட நான் இப்டி குந்திகினு இருந்ததில்ல.”

“அதுல பாக்க இன்னா இருந்துது.”

ஆபிரகாம் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

முதலில் சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்தாகிவிட்டது. அதன்மேல் வெள்ளைப் பொடி. வெல்டிங்கில் முடியளவு விரிசல் இருந்தாலும் போதும், உள்ளே புகுந்த சிவப்பு மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடாக வந்து நிற்கும்.

ஜெபக்குமாருக்குக் கம்பெனியில் இதுதான் வேலை. பதினான்கு வருடமாக அடுத்தவர்களின் வெல்டிங்கில் கோடு தேடுகிறான்.

ஆபிரகாமும் அதே கம்பெனியில்தான் வெல்டராக இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, அவன் வெல்டிங் வைத்த தூக்குக் கொக்கி ஒன்று மறுநாள் காலையில் பிய்த்துக்கொண்டது. அதில் தொங்கிய இரும்புச் சட்டம் அவன் இடுப்பின் மேலேயே விழுந்தது.

‘வெல்டிங்கில் குறை’ என்று விசாரணையில் எழுதினார்கள். அவன் மறுத்துப் பேசவில்லை. வைத்தவனும் அவனே, அடிபட்டவனும் அவனே. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதற்கப்புறம் அவன் வெல்டிங் ராடைத் தொட்டது நேற்று முன்தினம்தான். தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டான். “கோடு வந்துச்சுன்னா வேனைக் காயலான் கடைக்குத் தள்ளிடு. இனிமே எவன் சொன்னாலும் இந்தக் கையால தொட மாட்டேன்.”

கோடு வராவிட்டால், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரைக்கும் தானே ஓட்டிப் போவதாகத் திட்டம். வழியில் வேகத்தடைகள் இருபத்திரண்டு. பஸ்ஸில் போன ரெஜினாவிடம் அவற்றை எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருந்தான். இருபத்திரண்டு முறையும் அவன் எடையை இந்த வெல்டிங்தான் தாங்க வேண்டும்.

நான்கு நிமிடம்.

ஐந்து.

ஆறாவது நிமிடத்தில் வெள்ளையின் ஓரத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது.

ஆபிரகாம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

ஜெபக்குமார் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தான். கொஞ்சம் பரவியது. கோடாக நீளவில்லை. பரவிய இடத்திலேயே வெளிறி நின்றது. தகட்டு விளிம்பில் துடைக்காமல் விட்ட சாயம். அது அவனுக்குப் பார்த்த உடனேயே தெரியும். ஆனாலும் இன்னும் இரண்டு நிமிடம் டார்ச்சை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லித் தொலையேன் மாமா.”

“அழுக்குடா. கோடு இல்ல.”

பத்து நிமிடம் ஆயிற்று. அவன் பன்னிரண்டு வரைக்கும் விட்டான். வெல்டிங் நெடுக வெள்ளை, வெறும் வெள்ளை.

ஆபிரகாம் நாற்காலியை உருட்டி வந்து மேசையோடு முட்டி நிறுத்தினான். வெல்டிங்கின் மேல் ஒற்றை விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தான். திரும்பவும் இழுத்தான்.

“நல்லாத்தான கீது?”

“நல்லா கீது.”

“அப்போ அன்னிக்கு மட்டும் இன்னா ஆச்சு மாமா? அதே கைதான?”

கோடு ஒன்று வந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

அன்று ஷிப்ட் முடிகிற நேரம். கொக்கி சூடாக இருந்தது. சூட்டு இரும்பின் மேல் சாயம் அடிக்க முடியாது. அது தானாக ஆற முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஆபிரகாம் கை கழுவப் போயிருந்தான். ஜெபக்குமார் பக்கெட்டை எடுத்து ஊற்றினான். உஸ்ஸென்று அடங்கியது. சாயம், பொடி, பத்து நிமிடம். கோடு வரவில்லை. கையெழுத்துப் போட்டான்.

அந்த மாதிரி இரும்பு சூட்டில் தண்ணீர் பட்டால் உள்ளுக்குள்ளே விறைத்துப்போகும். விரிசல் உடனே விடாது. ஓர் இரவு எடுத்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றி விசாரணையில் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

“உன் கை மேல தப்பு இல்ல மச்சான்,” என்றான் ஜெபக்குமார். “அன்னிக்குக் கொக்கி ஆறுற வரைக்கும் நான் நிக்கல. தண்ணி ஊத்திட்டேன்.”

ஆபிரகாமின் விரல் பாதி வழியில் நின்றது.

“எவ்ளோ ஊத்தின?” என்று கேட்டான்.