செண்பகத்தின் தாள்

பத்தாம் வகுப்புக்கு அந்த வருடம் ஒரே ஒரு அறிவியல் புத்தகம்தான் வந்தது. டீச்சர் அதன் தையலைப் பிரித்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்துவிட்டார். முறை வரும்போது எழுந்து தாளின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிக்க வேண்டும், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். இதயப் பாடம் செண்பகத்திடம் இருந்தது. அவள் முறை வருவதற்குள், அரையாண்டு விடுமுறையில் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்து பெஞ்சு அஞ்சுகம் பஸ் ஏறி அவளது புகுந்த வீட்டுக்குப் போனாள். செண்பகம் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தாள் எங்கட்டி?"

"அத்தை அதவச்சு அடுப்பு பத்தவச்சுட்டாக. மனப்பாடமா இருக்கு, எழுதிக்கோ."

வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, கண்ணை மூடிச் சொல்லத் தொடங்கினாள். நான்கு அறைகள். வால்வுகள். அசுத்த ரத்தம் உள்ளே நுழையும் வழி. அதோடு நின்றுவிட்டாள்.

"வெளிய எப்படிட்டி வரும்?"

"அது பின்பக்கம். லீவுல படிச்சுக்கலாம்னு வச்சிருந்தேன்."

வீட்டுக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. செதில் ஒட்டிய கையோடு செண்பகம் உள்ளே போனாள். அஞ்சுகம் பேனாவை மூடாமல் கொல்லையிலேயே நின்றாள்.