ஒரு மோட்டாருக்கு இவ்வளவு சண்டை

"மோட்டார் குடுக்க முடியாது தம்பி. இன்னா பண்ணுவே?"

ஆரோக்கியசெல்வி இப்படிக் கேட்டதும் எதிர்ல நின்ன அறிவுச்செல்வனுக்கு முகம் சுண்டிப்போச்சு. காசைக் கையில வச்சுக்கினு நிக்கிறவனுக்குப் பொருள் கிடையாதுன்னு சொல்ற கடையை அவன் இப்பத்தான் பாக்கிறான்.

திண்டிவனத்துல வண்ணமீன் கடை வச்சிருக்கிற ஆரோக்கியசெல்வி அப்படித்தான். யார் வந்தாலும் முதல்ல லிஸ்ட்டை வாங்குவா. சிவப்புப் பேனாவை எடுப்பா. தேவையில்லாததையெல்லாம் அடிச்சுத் தள்ளிட்டுத்தான் வியாபாரம் பேசுவா.

விழுப்புரத்து மொத்த வியாபாரி ஒருத்தர், வந்த லட்சுமியைக் காலால எட்டி உதைக்கிறியேம்மான்னு தலையில அடிச்சுக்கிட்டார். அவருக்கென்ன, அவர் பாடு விக்கிற பாடு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் பேச்சைக் கேட்டு, கண்ட மெஷினையும் வாங்கி மாட்டி, செத்துப்போன நாப்பது மீனை முறத்துல வாரிக் குப்பையில கொட்டினவ இவ. என் கையால வெத்துப் பொருள் ஒண்ணு வெளியே போகாதுன்னு அன்னைக்கே மாதா மேல சத்தியம் பண்ணிட்டா.

அறிவுச்செல்வனுக்கு ஊர் விழுப்புரத்துக்குப் பக்கத்துல காணை. கரும்பு லாரி ஓட்டுறவன், வாரத்துல நாலு நாள் வீட்ல இருக்க மாட்டான். அதனால அடிக்கடி கழுவ வேண்டாத, செடியே பாத்துக்கிற மாதிரி ஒரு தொட்டி வேணும்னு கேட்டு வந்திருந்தான். விழுப்புரத்துக் கடையெல்லாம் தாண்டி, பஸ் ஏறி இவளைத் தேடி வந்தேன்னு சொன்னதும் ஆரோக்கியசெல்விக்கு உள்ளுக்குள்ள இனிச்சுது.

லிஸ்ட்டைப் பாத்தா, யூடியூப்ல எவனோ சொன்னது மொத்தமும் அதுல இருந்துது.

ஹீட்டர். திண்டிவனத்து வெயில்ல மனுசனே வெந்துக்கினு கிடக்கறான், மீனுக்கு எதுக்கு ஹீட்டருன்னு அடிச்சா. செடிக்கு வாயு விடற சிலிண்டர். வீட்ல சமைக்க ஒண்ணு இருக்குதில்ல, அது போதும்னு அடிச்சா. பாக்கெட்டுல விக்கிற மண்ணு. தோட்டத்து மண்ணைச் சலிச்சு அடியில போட்டு, மேல ரெண்டு விரக்கடை ஆத்து மணல் போடுன்னா. பிளாஸ்டிக் கோட்டை, கலர் கல்லு எல்லாத்துக்கும் ஒரே கோடு.

கடைசியில நின்னது ஒரு கண்ணாடித் தொட்டி, வேலம்பாசிச் செடி மூணு கட்டு, ஒரு கைப்பிடி நத்தை, சின்னதா ஒரு எல்.இ.டி. லைட்டு. மீன் இன்னைக்குக் கிடையாது, செடி வேர் பிடிச்சு இருபது நாள் கழிச்சு வான்னுட்டா.

அதுக்கும் சரின்னான். எல்லாத்துக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினவன், கடைசி வரிக்கு வந்ததும் பேனாவைக் கையால மறிச்சான். அங்க இருந்தது காத்து மோட்டார்.

"அது வேணாம் தம்பி. மோட்டார் கொப்புளிச்சா செடிக்கு வேண்டிய வாயு தண்ணியில தங்காது. செடி நல்லா இருந்தா அதுவே மீனுக்கு மூச்சு குடுக்கும்."

"தெரியும்க்கா. ஆனாலும் வேணும்."

"எதுக்கு?"

"வேணும்க்கா. அது இல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது."

அப்பத்தான் மோட்டார் குடுக்க முடியாது, இன்னா பண்ணுவேன்னு அவ கேட்டது. விழுப்புரத்துல பத்துக் கடை இருக்குது, போய் வாங்கிக்கோன்னும் சொல்லிப் பாத்தா. அங்க மோட்டார் கிடைக்கும், இந்தச் செடியும் இந்த யோசனையும் கிடைக்காது, ரெண்டையும் நீங்களே குடுங்கன்னு அவன் நகராம நின்னான்.

ஆரோக்கியசெல்விக்குப் புரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வர்றவன் போறவன் எல்லாம் நுரை கொப்புளிக்கிறதைப் பாத்து வாயைப் பொளக்கணும். பகட்டு, வேற ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி ஆளுங்களை அவ நெறைய பாத்துட்டா.

இருந்தாலும் அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கான். மனசு கேக்காம உள்ளே போய் ஒரு குட்டி மோட்டாரை எடுத்து வந்தா. இருக்கிறதுலயே மெலிசு, செடிக்கு அதிகம் கெடுதல் இல்ல, போட்டிருக்கிறதே தெரியாதுன்னு சொல்லி, அதோட குழாயை வாளித் தண்ணியில விட்டு ஓட்டிக் காட்டினா.

அவன் குனிஞ்சு வாளிகிட்ட காதை வச்சான். கொஞ்ச நேரம் கேட்டான். நிமிந்து, வேணாம்னு தலையாட்டினான்.

"இதுல சத்தமே வரலியேக்கா. இருக்கிறதுலயே அதிகமா சத்தம் போடறது எது?"

அவ்வளவுதான், ஆரோக்கியசெல்விக்கு மூக்கு மேல கோபம் வந்துருச்சு. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் மோட்டார் சத்தம் பேஜாரா இருக்குது, மாத்திக் குடுன்னு வந்து நிக்கிறான். இவன் இன்னாடான்னா சத்தத்தைத் தேடி வாங்க வந்திருக்கான்.

"நீ தொட்டி வாங்க வந்தியா, மேளம் வாங்க வந்தியா? யார்கிட்ட பெருமை அடிக்க இந்தச் சத்தம்? காரணத்தைச் சொல்லு, இல்லன்னா நடையைக் கட்டு."

அறிவுச்செல்வன் தலையைக் குனியல. அவளை நேராப் பாத்துத்தான் சொன்னான்.

"சொன்னா எல்லாரும் ஐயோ பாவம்பாங்க. எங்க வீட்டுக்காரிக்கு அந்தப் பேச்சு ஆகாது, அதான் சொல்லல. அவளுக்குக் கண்ணு தெரியாதுக்கா. தொட்டி வேணும்னு கேட்டதே அவதான். நீங்க குடுத்த செடி, லைட்டு, அப்புறம் தரப்போற மீனு எல்லாம் நான் பாக்கறதுக்கு. தண்ணி கொப்புளிக்கிற சத்தம் ஒண்ணுதான் அவளுக்கு."