கீரைத்தொட்டி மண்

காய்ந்த கசடு எப்படி இருக்கிறது என்று வெளியாள் கேட்டால், அந்தக் கழிவுநீர் நிலையத்தில் எவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

நல்லா இருக்குதுங்க.

யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆய்வகத்தில் சேர்ந்த சில நாட்களிலேயே அவள் நாவும் அதற்குப் பழகிவிட்டது.

முழுப் பொய்யும் அல்ல. பயிருக்கு வேண்டிய சத்து அதில் இருந்தது.

மற்றது நுண்ணோக்கிக்கு மட்டும் தெரிந்தது. துவைத்த துணிகள் உதிர்த்த நீல இழை. ஏதோ சிவப்புப் பையின் துணுக்கு. ஜிகினா. எல்லாம் பிளாஸ்டிக். கண்ணுக்குச் சிக்காத பொடி.

ஒப்பிட்டுப் பார்க்க மாசற்ற மண் தேவைப்பட்டது.

காலையில் வீட்டு மொட்டைமாடிக் கீரைத்தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வந்திருந்தாள். கடையில் இயற்கை உரம் வாங்கி அவளே கலந்த மண். மகளுக்குச் சோறு பிசைய அதில்தான் கீரை கிள்ளுவாள்.

உப்புநீரில் கரைத்தாள். மிதந்ததை வடிதாளில் பிடித்தாள். குனிந்தாள்.

நீல இழை.

தட்டு மாறிவிட்டது என்று நினைத்தாள். எல்லாவற்றையும் கழுவினாள். புதிதாக ஒரு சிட்டிகை எடுத்தாள்.

நீல இழை. சிவப்புத் துணுக்கு. ஜிகினா.

அதிலிருந்து உதிர்ந்ததோ என்று தன் சேலையைப் பார்த்தாள். பருத்தி. மஞ்சள்.

கீழே முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. வாராவாரம் உரத்துக்கென்று கசடு அள்ளிப்போகும் நாச்சிமுத்து வந்திருந்தார். வழக்கமான டிராக்டர் இல்லை. வேன்.

"என்னங்ணா, டிராக்டரு படுத்துக்கிச்சா?" மண்வெட்டியோடு நின்ற ஆரோக்கியம் கேட்டான்.

"உங்க உரத்த ஒரு கை வெச்சா எந்திரிச்சிரும்டா!"

அவள் சன்னலருகே வந்தாள்.

வேனிலிருந்து வெற்றுச் சாக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக்கிளி அச்சிடப்பட்டிருந்தது.

அதே கிளி.

வீட்டு மாடியில் வாய் மடித்து வைத்த உரச்சாக்கில், மகள் கிளிக்குப் பேனாவால் மீசை வரைந்திருந்தாள்.

இந்தக் கிளிகளுக்கு மீசை இல்லை.

ஆரோக்கியம் கசடை வெட்டி முதல் சாக்கில் போட்டான். கிளி மெல்லப் புடைத்தது.

படிகளில் அவள் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. கையில் வடிதாள் இருந்தது.

மேற்பார்வையாளர் தேநீரோடு நிழலில் நின்றார். நாச்சிமுத்து அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"இந்த வாட்டி எப்படீங்க அம்மணி?"

பதில் தெரிந்ததுதான் என்பதால் யாரும் திரும்பவில்லை.

"நல்லா இல்லீங்ணா."

மண்வெட்டி நின்றது.

"எம் புள்ள இதத்தான் தின்னிருக்கா."