இடது கக்கத்தில் வெந்நீர்

மொண்டெவிடியோ நகரத்துப் பேட்டை ஒன்றில் கால்பந்து இறுதிப் போட்டி முடிய ஒரே நிமிடம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. இருபது வருடமாகக் கிட்டாத கோப்பைக்காக வில்மார் பெனால்டி அடிக்க வந்து நின்றான். எதிரணி கோல்கீப்பர் வாஷிங்டன், அந்த நாட்டு வழக்கப்படி, மாத்தே என்னும் கசப்புத் தேநீருக்கான வெந்நீர் ஃபிளாஸ்க்கை இடது கக்கத்தில் இடுக்கியிருந்தான். அவனுடைய கல்யாணப் போட்டோவிலும் அது அங்கேதான் இருக்கிறது. நடுவர் ஆட்சேபிக்கவில்லை, அவர் கக்கத்திலும் ஒன்று இருந்தது.

ஃபிளாஸ்க் உடைந்துவிடும் என்று வாஷிங்டன் இடது பக்கம் பாயவே மாட்டான். இது மைதானத்து நாய்க்கும் தெரியும். வில்மார் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து, மறுபக்கம் அடித்தான். பந்து வாஷிங்டனின் வலது கையில் பூப்போல வந்து உட்கார்ந்தது.

“அந்தப் பக்கம் அம்புட்டும் காலியாத்தானடா கெடந்துச்சு, மடப்பயலே!” என்று தலையில் அடித்துக்கொண்டார் வில்மாரின் கோச்.

“பந்து ஃபிளாஸ்க்ல பட்டிருந்தா? இன்னிக்கு ஞாயித்துக்கெழம, கடை வேற இல்லண்ணே.”

கோச் தன்னுடைய மாத்தே குடுவையை எடுத்துக்கொண்டு எதிரணி கோல் கம்பத்தை நோக்கி நடந்தார்.

“தண்ணி இன்னும் சூடா இருக்கா தம்பி?”