கட்டிலுக்கடியில் இரைந்த பெட்டி

கணவர் சவரிநாதனின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், லூர்தம்மாள் முதல் வேலையாக எலக்ட்ரீஷியன் ஆல்துரையை அழைத்தாள். நீலகிரியில் சாலைப் பணிகளை மேற்பார்வையிட்ட அவரோடு, ஜீப்பின் பின்னால் இழுபட்ட ஒரு டிரெய்லர் வீட்டில் அவள் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருந்து வந்தாள். அதன் பேட்டரியும், மின்சாரத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் பெட்டியும் தொடக்கத்தில் அவருடைய கட்டிலுக்கடியில்தான் இருந்தன. இரண்டாம் ஆண்டு டிசம்பரில் அவற்றை அவளுடைய கட்டிலுக்கடிக்கு மாற்றிவிட்டார்.

“இந்த இரைச்சல்ல எனக்குத் தூக்கமே வரல லூர்து. உனக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காதே!”

அதை அவள் மன்னிக்கவேயில்லை.

“ரெண்டையும் வண்டிக்கு வெளிய, முன்பக்கம் வச்சிடுங்க தம்பி. இனிமேலாவது நிம்மதியாப் படுக்கணும்.”

ஆல்துரை மெத்தையைச் சுருட்டினான். “இங்க யாரும்மா ஓட்டை போட்டது?”

கால்மாட்டுப் பலகையில் ஏழு துளைகள் இருந்தன. அவற்றின் ஓரங்கள் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தன.

“காத்துக்காக இருக்கும்.”

“காத்துக்குன்னா பக்கவாட்டுல போடுவாங்கம்மா. இது கன்வெர்ட்டர் சூடு மேல வர்றதுக்கு. கீழ தகரம்கூட வளைச்சு வச்சிருக்காரு.”

பாதம் விறைக்கிறதென்று தான் புலம்பியது அந்த டிசம்பரோடு நின்றுபோனதை லூர்தம்மாள் இப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். கட்டிலில் அமர்ந்து, காலுறைகளைக் கழற்றி, வெறும் பாதங்களைத் துளைகளின்மேல் வைத்தாள்.

“கரண்டைப் போடுங்க.”

பெட்டி இரையத் தொடங்கியது. ஆல்துரை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான்.

“கழட்டட்டுமாம்மா?”

“இருங்க தம்பி. இன்னும் சூடு ஏறல.”