செலினின் கடைவாய்ப் பல்

ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே ஊரைக் கூட்டுகிற செலின், பல் டாக்டரின் நாற்காலியில் தானாகவே ஏறிப் படுத்துக்கொண்டாள்.

ரேச்சலால் நம்ப முடியவில்லை. ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டை வரை பஸ்ஸில் வரும்போது, ஆறு வயது மகளை எப்படிப் பிடித்து அமுக்குவது என்பதே அவள் கவலையாக இருந்தது.

"விழப்போற பால் பல்லுக்கு இன்னாத்துக்கு வைத்தியம்" என்று ஒரு வருடமாகத் தட்டிக்கழித்தவளும் அவள்தான். இப்போது மூன்று நாளாகப் பிள்ளைக்குக் கன்னம் வீங்கி, கஞ்சிகூட இறங்கவில்லை.

ஞாயிறு வரை பொறு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் கணவன் ஃப்ரெடி. பெற்ற வயிறு பொறுக்குமா? அவன் துறைமுகத்துக்கு ஷிப்டுக்குப் போனதும் கிளம்பிவிட்டாள். அந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கென்றே இருக்கிற பல் டாக்டர் இவர் ஒருவர்தான்.

செலின் அங்கிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லுமுன்பே தூக்கிக் காட்டினாள்.

ரேச்சலுக்குப் பெருமை பிடிபடவில்லை.

டாக்டர் வாய்க்குள் பார்த்தார். போன மாதம் வேர் சிகிச்சை செய்த பல் நன்றாக இருக்கிறதாம். இது வேறு பல்லாம், எடுத்துவிட வேண்டுமாம்.

போன மாதமா?

உதவியாளப் பெண் பழைய அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். நான்கு தேதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஞாயிறு என்று எழுதியிருந்தது. கோவிலில் மறைக்கல்வி வகுப்பு என்று ஃப்ரெடி பிள்ளையைப் பைக்கில் ஏற்றிப்போன ஞாயிறுகள். இவள் வீட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

தந்தை: ஃப்ரெடி. தாய்: மோகனப்ரியா.

சிகிச்சைக்குச் சம்மதம் என்ற இடத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு நிதானமான கையெழுத்து.

அடப்பாவி. புருஷன் செய்த துரோகம்கூட அப்புறம். தினமும் இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளை, இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பல்லை எடுக்கப் பெற்றவர் கையெழுத்து வேண்டும். டாக்டர் அட்டையைப் பார்த்தார், ரேச்சலைப் பார்த்தார். பிறகு குனிந்து, கூட வந்திருக்கிற இவர் யார் என்று பிள்ளையிடமே கேட்டார்.

செலின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"எதிர் வூட்டு ஆன்ட்டி."



அட்டையில் அம்மாவின் நம்பர் இருக்கிறது, போன் பண்ணி வரச் சொல்கிறேன், அதுவரை நீங்கள் வெளியே உட்காருங்கள் என்றார் டாக்டர், மிகுந்த மரியாதையோடு.

ரேச்சல் வெளியே வந்து, தெருக்கதவு நேராகத் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.