உடம்புக்கு உரியவர்

“தாலுகா ஆபீஸ்ல பதிஞ்ச கல்யாணமா?” என்று கேட்டாள் பிணவறைப் பொறுப்பில் இருந்த பெண்.

“ஊரே பார்த்த கல்யாணம்,” என்றாள் லம்துவான். “பிக்குகள் வந்து ஓதினாங்க. பெரியவங்க எல்லாரும் எங்க ரெண்டு பேர் மணிக்கட்டுலயும் வெள்ளை நூல் கட்டினாங்க. போதாதா?”

“நூல் கட்டினது சரி அக்கா. பதிஞ்சீங்களா?”

லம்துவான் இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்போ உடம்பைத் தர முடியாது. அவர் நாட்டுத் தூதரகம்தான் சொல்லணும். அவங்க அவரோட ரத்த சொந்தத்தைத் தேடிப் பிடிச்சு, அவங்க சரின்னா தருவோம்.”

“நான் சொந்தம் இல்லையா? டெங்கு வந்தப்போ அவர் வாந்தியை அள்ளினது தூதரகமா?”

“என்கிட்ட சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? சட்டத்தை நானா எழுதினேன்?”

உள்ளே குளிர்ப்பெட்டியில் கிடந்தவர் ஹெண்ட்ரிக். ஹாலந்துக்காரர். தாய்லாந்தில், உதோன் பக்கத்துக் கிராமமொன்றில் லம்துவானோடு குடித்தனம் நடத்தித் தலை நரைத்தவர். காலையில் வயல் வரப்பில் சாய்ந்தவர் எழவில்லை.

வெளியே வெள்ளைச் சவப்பெட்டியோடு ஊர்க்காரர்கள் பிக்கப் வண்டியில் காத்திருந்தார்கள். மாலைக்குப் பிக்குகளுக்குச் சொல்லியாயிற்று. வீட்டில் கூடை கூடையாக ஒட்டரிசிச் சோறு அவிந்துகொண்டிருந்தது. சவம் மட்டும்தான் இல்லை.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் பிகுன். லம்துவானின் பக்கத்து வீட்டுக்காரி. பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற வெள்ளைக்காரன் கிரகாம் அவளுடைய ஆள். புருஷன் என்று ஊர் சொல்லும். ஆபீஸ் சொல்லாது.

அந்த வட்டாரத்து வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் கிரகாம்தான் வாத்தியார். புதிதாக யார் குடியேற வந்தாலும் பிகுனின் பீர்க்கடையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவான். விசாவைத் தவற விடாதே. போலீஸ்காரனோடு வாதாடாதே. பாதத்தை யார் பக்கமும் நீட்டாதே. கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு:

“கல்யாணத்தை ஊரைக் கூட்டிப் பண்ணிக்கோ. ஆபீஸ்ல மட்டும் பதியாதே. மண்ணை நம்ம பேர்ல வாங்கவே விட மாட்டாங்க. அது அவ பேர்ல. வீடும் அந்த மண்ணுலதான் நிக்குது. கல்யாணத்தையும் பதிஞ்சுட்டா, மிச்சத்துல பாதியும் போச்சு.”

பிகுன் இங்கிலீஷ் கற்றதே அந்தப் பாடத்தைக் கேட்டுக் கேட்டுத்தான்.

லம்துவான் சட்டென்று கிரகாம் பக்கம் திரும்பினாள்.

“நீதானே சொன்னே? ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்த மனுஷன், உன் பேச்சைக் கேட்டுத்தானே வண்டியைத் திருப்பினார்?”

“நல்லதுக்குத்தான் சொன்னேன்,” என்றான் கிரகாம், தனக்கு வந்த அரைகுறை ஊர்ப் பேச்சில். “இவ்வளவு சீக்கிரம் போவான்னு யாருக்குத் தெரியும்? இப்ப எதுக்கு இந்த ஆட்டம்? வீடு உன்கிட்டதானே இருக்கு. சாம்பல் கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்ன?”

பிணவறைப் பெண்கூடத் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

லம்துவான் கத்தவில்லை. பிகுனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வலது காலைத் தூக்கி, வயல் சேறு காயாத பாதத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீட்டியபடியே வைத்திருந்தாள்.

அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. கிரகாம் காது வரை சிவந்தான். அர்த்தம் தெரியாதவனா அவன்!

“அக்கா, காலை இறக்குங்க. ஆஸ்பத்திரி இது.”

“இறக்கறேன்மா. உடம்பை நீங்களே பூட்டி வெச்சுக்கோங்க. மனுஷனை நான் கூட்டிட்டுப் போறேன்.”

மடியிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினாள். பிணவறைக் கதவருகே குந்தி, அடுத்த அறையில் தூங்குகிறவரை எழுப்புவதுபோலக் கூப்பிட்டாள்.

“ஹெண்ட்ரிக், எழுந்திரு. இங்க படுக்காதே, குளிரும். வா, வீட்டுக்குப் போலாம்.”

காற்றில் அணையாமல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். “படி இருக்கு, பார்த்து.” வண்டியில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே நெருங்கி உட்கார்ந்து, அவளுக்கு ஒரு இடமும் அவள் பக்கத்தில் இன்னொரு இடமும் விட்டார்கள்.

காலிப் பெட்டியோடு வண்டி கிளம்பியது. “இடது பக்கம் திரும்பறோம், ஹெண்ட்ரிக். அடுத்தது பாலம்...” அவள் சொல்லிக்கொண்டே போவது தெருமுனை வரை கேட்டது.

கிரகாம் நின்ற இடத்திலேயே நின்றான். சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். பிறகு பிகுனைப் பார்த்தான். அப்படி அவன் அவளைப் பார்த்ததே இல்லை.

“திங்கட்கிழமை ஆபீஸ் போலாம்,” என்றான். “நாமளும் பதிஞ்சுடலாம்.”

பிகுனே ஒரு தடவை இதை அவனிடம் கேட்டிருக்கிறாள். அதை அவன் கடையில் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்தபோது, அந்த மேஜைக்கு ஐஸ் கொண்டுபோனவள் அவள்தான்.

பெஞ்சில் வைத்திருந்த ஸ்கூட்டர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். வாரைப் பூட்டினாள்.

“வேணாம், கிரகாம்,” என்றாள், வெகு மரியாதையாக. “உங்க ஊர்ல உனக்கு யாரு இருக்காங்க? அவங்க நம்பரை மட்டும் என்கிட்ட குடுத்து வை.”